அந்தக் கோடு எந்த நெருப்போடது?

காட்டுத்தீயோட எல்லையை மேப்ல வரையறது என் வேலை. ராத்திரி ரெண்டரை மணி இருக்கும். ஐஆர் ஃப்ளைட்டோட, அதாவது மேல பறந்து நெருப்போட சூட்டைப் படம் எடுக்கற ப்ளேனோட ஃபைல் வந்து விழுந்துச்சு, நான் பாதி தூக்கத்துல அதைத் திறந்து, முந்தின நாள் பாலிகனை (நெருப்பைச் சுத்தி வரைஞ்ச மூடின கோடு) காப்பி எடுத்து, புதுக் கோட்டுக்குத் தகுந்த மாதிரி ஓரத்தை எல்லாம் இழுத்து வெச்சு, ஏக்கர் கணக்கை ஓட விட்டு, பப்ளிஷ் பட்டனை அமுக்கிட்டு படுத்துட்டேன். காலைல அஞ்சே முக்காலுக்கு போன். எதிர்ப்பக்கம் நெருப்போட ஒரு பகுதில அணைக்கற வேலையைப் பாக்கற டிவிஷன் சூப்பர்வைசர், ரெண்டு வாரமா சரியா தூங்காத குரல். "மேப்ல எங்க நெருப்பு ஒரே ராத்திரில மூணு மடங்கு ஆயிருக்கு. நான் அது பக்கத்துலதான் நின்னுட்டு இருக்கேன், அப்படி ஒண்ணும் ஆகல. நீ எந்த நெருப்பை வரைஞ்ச?"

பக்கத்து நெருப்பை வரைஞ்சிருக்கேன். ரெண்டு ஃபயர், நடுவுல ஒரு பள்ளத்தாக்கு, ரெண்டையும் ஒரே மேஜைல இருந்து நான்தான் பாத்துட்டு இருந்தேன். காப்பி எடுத்த பாலிகன் சின்ன நெருப்போடது, இழுத்து வரைஞ்ச கோடு பெரிய நெருப்போடது. கோடு என்னமோ கனகச்சிதமா இருந்துச்சு, ஒவ்வொரு வளைவும் சூட்டுப் படத்தோட அப்படியே ஒட்டி உக்காந்திருந்துச்சு, ஆனா அதுக்குப் பின்னாடி இருந்த டேபிள்ல பேரும் ஐடியும் சின்னதோடது. ஆக அன்னிக்குத் தேதிக்கு சின்ன நெருப்புக்கு ரெண்டு பாலிகன், பெரிய நெருப்புக்கு ஒண்ணுமே கிடையாது. மூணு மணி நேரம் அப்படியே பப்ளிக்ல கிடந்திருக்கு.

மூணு மணி நேரம்னா கம்மியா தோணலாம். அந்த மேப் லேயரை எடுத்துதான் வெளியேற்ற உத்தரவு போடறவங்க பாக்கறாங்க, ரோடு மூடறவங்க பாக்கறாங்க, வீட்டை விட்டு வந்து ஏதோ ஒரு ஸ்கூல் ஜிம்ல பாய் விரிச்சு படுத்திருக்கறவங்க போன்ல ஜூம் பண்ணி பண்ணி என் தெரு கோட்டுக்கு உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு பாக்கறாங்க. அவங்களுக்கு டேட்டா தரம், மெட்டாடேட்டா எல்லாம் தெரியாது, சிவப்புக் கோடு எங்க இருக்குன்னு மட்டும்தான் தெரியும்.

அன்னிக்கு எனக்கு உறைச்ச விஷயத்தைப் பத்திதான் இந்தப் பதிவு. காட்டுத்தீ பெரிமீட்டர், அதாவது எல்லைக்கோடுன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் கோடு எத்தனை மீட்டர் துல்லியம்னுதான் கேக்கறாங்க. இத்தனை வருஷத்துல நான் பாத்த பெரிய பெரிய சொதப்பல் எதுவுமே கோடு அம்பது மீட்டர் தள்ளிப் போனதால வந்ததில்ல, நல்ல கோடு தப்பான நெருப்புக்குப் போய்ச் சேர்ந்ததாலதான் வந்துச்சு.

அமெரிக்கால இந்த வேலை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க. 2000-ல இருந்து ஜியோமேக்னு ஒரு மேப் இருந்துச்சு, யுஎஸ்ஜிஎஸ்ங்கற அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் நடத்தினது, நாடு முழுக்க எரியற நெருப்போட எல்லையை ஒரே இடத்துல பாக்கலாம். 2020 ஏப்ரல்ல அதை மூடிட்டு, ஐடஹோ மாநிலத்துல பாய்ஸி நகரத்துல இருக்கற நேஷனல் இன்டர்ஏஜென்ஸி ஃபயர் சென்டரோட ஓப்பன் டேட்டா பக்கம் மாத்திட்டாங்க, அந்த சேவைக்கு வாய்ல நுழையாத நீளப் பேரு, சுருக்கமா டபிள்யூஃபிக்ஸ்னு சொல்லுவோம். ஒவ்வொரு பெரிய நெருப்புலயும் கேம்ப்ல ஒரு ஜிஐஎஸ் ஸ்பெஷலிஸ்ட், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் போடறவங்க இருப்பாங்க, அவங்க வரையற 'ஈவென்ட் பாலிகன்' அப்படியே இந்த லேயருக்கு ஏறும். இன்னொரு பக்கம் இர்வின்னு ஒரு சிஸ்டம், அது நெருப்போட ஜாதகம் மாதிரி, எங்க ஆரம்பிச்சது, எப்போ, எத்தனை ஏக்கர், எவ்வளவு சதவீதம் கட்டுக்குள்ள, எல்லாம் அதுல. பாலிகன்ல இருக்கற இர்வின் ஐடியும் ஜாதகத்துல இருக்கற ஐடியும் கைகோத்தாதான் மேப்ல அந்தக் கோட்டுக்கு சரியான பேரும் நம்பரும் வரும்.

ஏன் ஐடி, பேரே போதாதான்னு கேக்கலாம். 2021-ல கலிஃபோர்னியால நடந்ததைப் பாருங்க. ஜூலை 11-ம் தேதி மரிப்போசா கவுன்ட்டில ஒரு நெருப்பு, பேரு ரிவர் ஃபயர். ஆகஸ்ட் 4-ம் தேதி பிளேசர் - நெவாடா கவுன்ட்டி எல்லைல, கோல்ஃபேக்ஸ் ஊர் பக்கத்துல ஒரு நெருப்பு, அதுவும் ரிவர் ஃபயர். ஒரே மாநிலம், ஒரே வருஷம், நாலு வாரம் கூட இடைவெளி கிடையாது. இதுக்கு முன்னாடி 2018-ல ஒரு ரிவர், 2020-ல மான்டரே பக்கம் ஒரு ரிவர். பக்கத்துல என்ன இருக்கோ அதைப் பாத்து பேரு வெக்கறது வழக்கம், ஆத்துப் பக்கம் எரிஞ்சா ரிவர், ஓடைப் பக்கம்னா கிரீக், மலை இடுக்குன்னா கேன்யன். பேரையும் வருஷத்தையும் மட்டும் வெச்சு ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணினா மரிப்போசா கோட்டுக்கு கோல்ஃபேக்ஸ் கணக்கு வந்து ஒட்டிக்கும். இதை யாரும் வேணும்னு பண்றதில்ல, எக்செல் பாவம் சொன்னதைச் செய்யுது.

அதனால ஒவ்வொரு நெருப்புக்கும் ரெண்டு அடையாளம் இருக்கு. ஒண்ணு மனுஷன் படிக்கக்கூடியது: வருஷம், அப்புறம் மாநிலமும் யூனிட்டும் (அந்த நிலத்தைப் பாக்கற அலுவலகம்) சேர்ந்த குறியீட்டு எழுத்து, அப்புறம் ஆறு இலக்க உள்ளூர் நம்பர். நெருப்பு எந்த யூனிட்டோட மண்ணுல ஆரம்பிச்சதோ அந்த யூனிட்டுதான் அதுல வரும், பின்னாடி எத்தனை மாவட்டம் தாண்டி ஓடினாலும் மாறாது. இன்னொண்ணு இர்வின் ஐடி, அது மெஷினுக்கானது, கோடும் எழுத்தும் நம்பருமா நீளமா இருக்கும், யாரும் மனப்பாடம் பண்ண முடியாது, அதுதான் அதோட பலமே, ஏன்னா யாரும் கையால டைப் அடிக்க மாட்டாங்க. ஆனா இதுலயும் ஒரு சின்ன எரிச்சல் இருக்கு. ஒரு சிஸ்டம் அந்த ஐடியை மீசை மாதிரி வளைஞ்ச அடைப்புக்குறிக்குள்ள வெச்சு அனுப்பும், இன்னொண்ணு அடைப்புக்குறி இல்லாம, ஒண்ணு கேப்பிட்டல் எழுத்துல, இன்னொண்ணு சின்ன எழுத்துல. கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு ரெண்டு வேற வேற நெருப்பு. ஜாயின் சைலன்ட்டா ஃபெயில் ஆகும், எரர் கூட வராது, கோடு பேரில்லாம அநாதையா நிக்கும். ஒரு நாள் முழுக்க இதைத் தேடி கண்ணு பூத்துப் போயிருக்கேன், கடைசில எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்தற ரெண்டு வரி ஸ்கிரிப்ட்ல முடிஞ்சுது.

இது வரைக்கும் சொன்னது சுலபமான பகுதி, ஒரு நெருப்பு, ஒரு ஐடி. ரெண்டு நெருப்பு ஒண்ணா சேரும்போதுதான் தலைவலி.

இங்க ரெண்டு வார்த்தையை ஜனங்க ஒண்ணா குழப்பிக்கறாங்க, காம்ப்ளெக்ஸ், மெர்ஜ். காம்ப்ளெக்ஸ்ங்கறது நிர்வாகம். பக்கத்து பக்கத்துல நாலு நெருப்பு எரியுது, நாலுக்கும் தனித்தனி டீம் அனுப்ப ஆள் இல்ல, ஒரே டீம் எல்லாத்தையும் பாக்கட்டும்னு ஒரு குடைக்குள்ள கொண்டு வர்றது. நெருப்புங்க ஒண்ணை ஒண்ணு தொடணும்னு அவசியமே கிடையாது. 2018-ல மென்டோசினோ காம்ப்ளெக்ஸ் நல்ல உதாரணம்: ரான்ச் ஃபயர் 4,10,203 ஏக்கர், ரிவர் ஃபயர் 48,920 ஏக்கர் (மேல 2018-ல ஒரு ரிவர்னு சொன்னேன்ல, அதுதான் இது), கூட்டினா 4,59,123. ரெண்டும் கடைசி வரைக்கும் தனித்தனியாத்தான் எரிஞ்சுது. அப்போ டிவில எல்லாம் கலிஃபோர்னியா வரலாற்றுலயே பெரிய நெருப்புன்னு அந்தக் கூட்டுத்தொகையைச் சொன்னாங்க. ஒரே நெருப்புன்னு கணக்கு பாத்தா ரான்ச் மட்டும்தான். காம்ப்ளெக்ஸ் பேருல ஒரே பாலிகனா வரைஞ்சு ஏத்தினா அந்த வித்தியாசமே காணாமப் போயிடும், பத்து வருஷம் கழிச்சு ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்து ஒரு நெருப்பு சராசரியா எவ்வளவு பெருசாகுதுன்னு கணக்கு போட்டா பதில் தப்பா வரும்.

மெர்ஜ்ங்கறது வேற, அது மண்ணுல நடக்கறது. ரெண்டு தீ முகமும் நிஜமாவே முட்டிக்குது. 2021-ல டிக்ஸி ஃபயர் ஜூலை 13 ஆரம்பிச்சுது, ஃப்ளை ஃபயர் ஜூலை 22, ரெண்டும் 24-ம் தேதி சேர்ந்துடுச்சு, அதுக்கப்புறம் எல்லாமே டிக்ஸிதான், முடிவுல 9,63,309 ஏக்கர். 2024 பிப்ரவரில டெக்சஸ்ல ஸ்மோக்ஹவுஸ் கிரீக் ஃபயர், பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டினது, அதுவும் போற வழில இன்னொரு நெருப்பை முழுங்கிடுச்சு. இப்படி ஆகும்போது ஒரு பேரு வாழும், இன்னொரு பேரு அதோட முடிஞ்சுடும். வாழற நெருப்போட பாலிகன் அன்னில இருந்து ரெண்டு நிலத்தையும் சேத்து வளரும். சரி, பேரு முடிஞ்ச நெருப்போட பழைய பாலிகனை என்ன பண்றது?

நிறைய பேர் அழிச்சிடறாங்க. "அதான் பெருசுக்குள்ள போயிடுச்சே, இனிமே எதுக்கு, மேப்ல ரெண்டு கோடா அசிங்கமா தெரியுது." என்னால இதை ஒத்துக்கவே முடியாது. கரன்ட் லேயர்ல இருந்து மறைங்க, வேண்டாங்கல, அதுக்குன்னே டேபிள்ல காட்டலாமா வேண்டாமான்னு ஒரு ஃபீல்ட் இருக்கு. அழிக்காதீங்க. சேர்றதுக்கு முன்னாடி கடைசியா அந்த நெருப்பு தனியா எப்படி இருந்துச்சோ அந்த வடிவம், அந்த தேதி, அந்த ஐடி, அது அப்படியே இருக்கணும்.

ஏன்னு நியூ மெக்சிகோ நெருப்பு ஒண்ணை வெச்சே சொல்லலாம். 2022 ஏப்ரல் 6, ஃபாரஸ்ட் சர்வீஸ் தானே திட்டம் போட்டு வெச்ச தீ காத்துல கை மீறிப் போச்சு, அது ஹெர்மிட்ஸ் பீக் ஃபயர். அதே காட்டுல ஜனவரில வெட்டின கிளைங்களைக் குவிச்சு எரிச்சிருந்தாங்க, அது பனிக்கடில மாசக்கணக்கா கனன்னுட்டே கிடந்து, ஏப்ரல்ல எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சுது, அது காஃப் கேன்யன் ஃபயர். 22-ம் தேதி ரெண்டும் சேர்ந்துது, மொத்தம் 3.41 லட்சம் ஏக்கர். ரெண்டுக்கும் ஆரம்பம் வேற, காரணம் வேற, பனிக்கடில கிடந்த தீங்கறது கண்டுபிடிக்கறதுக்கே மே மாசக் கடைசி ஆச்சு. இந்த நெருப்புல வீடு, நிலம் இழந்தவங்களுக்கு நஷ்ட ஈடு குடுக்க தனிச் சட்டமே போட்டாங்க. இதுல ரெண்டு நெருப்புக்கும் பொறுப்பு அதே ஃபாரஸ்ட் சர்வீஸ்தாங்கறதால தப்பிச்சோம். ஒண்ணு மின்னல்ல வந்தது, இன்னொண்ணு யாரோ கவனக்குறைவா விட்டதுன்னு வெச்சுக்கங்க, என் வீடு எந்த நெருப்புல போச்சுங்கற கேள்விக்கு 21-ம் தேதி பாலிகன் எங்கன்னு கேப்பாங்க. ஜிஐஎஸ் டேபிள்ல உக்காந்திருந்தவர் மேப் அழகா இருக்கட்டும்னு அதை அழிச்சிருந்தா?

எல்லாத்துக்கும் சிகரம் 2020 ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ். ஆகஸ்ட் 16, 17 தேதில விழுந்த மின்னல்ல மென்டோசினோ நேஷனல் ஃபாரஸ்ட்ல ஆரம்பிச்ச 38 தனித்தனி நெருப்பு. 38! ஒண்ணொண்ணுக்கும் ஒரு ஆரம்பப் புள்ளி, ஒரு நம்பர், ஒரு குட்டி பாலிகன். அதுல டோ ஃபயர் ஒண்ணொண்ணா முழுங்கிட்டே வந்து, அப்புறம் எல்க்ஹார்ன் மேல போய் முட்டி, கடைசில 10,32,648 ஏக்கர். பத்து லட்சத்தைத் தாண்டினதால கிகாஃபயர்னு புதுப் பேரே பிரபலமாச்சு. ரொம்பப் பெருசா இருந்ததால ஜோன் ஜோனா பிரிச்சு வேற வேற டீம் பாத்தாங்க. ஜோன்ங்கறது மனுஷன் போட்ட கோடு, நெருப்புக்கு அது தெரியாது. ஒரு ஜோன் டீம் தன் பக்கத்தை வரையும், இன்னொண்ணு தன் பக்கத்தை, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு இடைவெளி விழும், இல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறும்.

இந்த ஏறி உக்கார்ற விஷயம் தனியா ஒரு பதிவு எழுதற அளவுக்கு இருக்கு. நான் தினமும் பண்ற ஒரு சோதனை, பக்கத்து பக்கத்து நெருப்போட ஏக்கரை தனித்தனியா கூட்டறது, அப்புறம் எல்லா பாலிகனையும் ஒண்ணா கரைச்சு டிஸ்ஸால்வ் போட்டு அளக்கறது. ரெண்டும் சமமா வரணும். ஒரு தடவை கூட்டினா 14,200, கரைச்சா 13,650. அதாவது 550 ஏக்கர் ரெண்டு தடவை எரிஞ்சிருக்கு, எங்க கணக்குப்படி. என்ன ஆச்சுன்னு பாத்தா ரெண்டு கேம்ப்லயும் அதே ஐஆர் படத்தை வெச்சு வரைஞ்சிருக்காங்க, நடு மேட்டுல இருந்த ஒரு சூட்டுத் திட்டு எங்களோடதுன்னு ரெண்டு பேருமே சேத்துக்கிட்டாங்க. நெருப்பு தாண்டி விழுந்த திட்டு அது. எந்தப் பக்கத்துல இருந்து தாண்டினதுன்னு படத்துல தெரியாது, அங்க நின்னவங்களைத்தான் கேக்கணும். போன் போட்டுக் கேட்டோம், காத்து மேற்கே இருந்துதான் அடிச்சுதுன்னாங்க, மேற்கு நெருப்புக்கே எழுதிட்டோம். அஞ்சு நிமிஷ போன், அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தப்பான கணக்கு.

படத்தைப் பத்தி பேசும்போது இதையும் சொல்லணும். ராத்திரி ப்ளேன் எடுக்கற ஐஆர் படம் சூட்டைத்தான் பாக்குது, எரிஞ்ச நிலத்தை இல்ல. புல்வெளி எரிஞ்சா அரை மணில ஆறிடும், படத்துல ஒண்ணும் தெரியாது, ஆனா நிலம் கரிக்கட்டையா கிடக்கும். அதனாலதான் படம் படிக்கறவங்க முந்தின நாள் கோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு அதுல இருந்து வெளிப்பக்கமா வளத்துவாங்க. முந்தின நாள் கோடு வேற நெருப்போடதா இருந்தா? அதான், மேல சொன்ன என் கதை.

சாட்டிலைட் புள்ளிங்க இன்னும் மோசம். நெருப்பு வந்ததும் எல்லாரும் முதல்ல பாக்கறது நாசாவோட ஃபர்ம்ஸ் மேப்ல வர்ற செம்புள்ளிங்கதான். விஐஐஆர்எஸ் சென்சார்ல ஒரு பிக்சல் 375 மீட்டர், அதாவது ஒரு புள்ளிக்கு கிட்டத்தட்ட 35 ஏக்கர். மோடிஸ்னு இன்னொரு சென்சார்ல ஒரு கிலோமீட்டர். அந்தப் பிக்சலுக்குள்ள எங்கயோ சூடு இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். முக்கியமா அந்தப் புள்ளிக்கு பேரே கிடையாது, எந்த நெருப்பும் அதுக்கு அப்பா இல்ல. சில ஆப் எல்லாம் புள்ளிங்களைச் சுத்தி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அதையே பெரிமீட்டர்னு காட்டுது. பக்கத்து பக்கத்துல ரெண்டு நெருப்பு இருந்தா ரெண்டையும் ஒரே ரப்பர் பேண்டுல கட்டிடும், நடுவுல இருக்கற எரியாத ஊரையும் சேத்து.

நடந்து போய் எடுக்கற கோடு நம்பகமானதுன்னு நினைப்போம், பெரும்பாலும் உண்மைதான். ஆனா ஒரு சாயங்காலம், நெருப்பு ஓரமா நடந்து பாத்து குறிச்சுட்டு வர்ற ஃபீல்ட் அப்சர்வர் ஒருத்தர், ஷூ முழுக்க சாம்பல், முகத்துல கண்ணு ரெண்டு மட்டும் வெள்ளையா, போனை என் மேஜைல வெச்சுட்டு சாப்பிடப் போயிட்டார். அவர் ட்ராக்கை இறக்கினா நெருப்பு ஓரமா அழகா வளைஞ்சு வளைஞ்சு வந்து, அப்புறம் திடீர்னு ரோட்டைப் பிடிச்சு நேரா பதினோரு மைல் ஓடி நம்ம கேம்ப் சாப்பாட்டுக் கூடாரத்துல வந்து முடியுது. ட்ராக்கிங்கை நிறுத்த மறந்துட்டார். அதை அப்படியே பாலிகனா மூடியிருந்தா நாங்க எல்லாரும் அன்னிக்கு எரிஞ்சு போயிருப்போம். சிரிச்சுட்டே வெட்டி எடுத்தேன். அவர் திரும்பி வந்து, ஒரு பாறைச் சரிவைக் காட்டி, "இங்க இருந்து இது வரைக்கும் நான் போகல, எதிர் மலைல இருந்து பாத்து கை வரைஞ்சது"ன்னார். அந்த வார்த்தைதான் எனக்கு தங்கம். எப்படி எடுத்ததுன்னு எழுத ஒரு ஃபீல்ட் இருக்கு, நடந்தது, ப்ளேன்ல இருந்து, ஐஆர் படத்துல இருந்து, கையால வரைஞ்சது, கலந்துகட்டினதுன்னு. பாதிப் பேர் டீஃபால்ட்ல என்ன இருக்கோ அதையே விட்டுடறாங்க. நான் அதுல 'கலந்தது'ன்னு போட்டு, கமென்ட்ல அந்தச் சரிவைப் பத்தி ஒரு வரி எழுதி வெச்சேன். அடுத்த நாள் அந்த இடத்துலதான் கோடு நானூறு மீட்டர் நகந்துச்சு, நெருப்பு நகரல, எங்களுக்குத் தெரிஞ்சது நகந்துச்சு. கமென்ட் இல்லாட்டி அதை ஒரு நாள் வளர்ச்சின்னு எவனாவது கணக்கு எழுதியிருப்பான்.

நேரமும் இதே மாதிரி ஒரு சத்தமில்லாத வில்லன். கலிஃபோர்னியால கோடைல ராத்திரி பத்தரைக்கு எடுத்த படம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்குல அடுத்த நாள் விடியக்காலை அஞ்சரை. ஒரு நெருப்புக்கு உள்ளூர் நேரமும் பக்கத்து நெருப்புக்கு யுடிசியும் போட்டுட்டா, எது முதல்ல அந்த மேட்டைத் தொட்டுதுங்கற வரிசையே தலைகீழாயிடும். கோட்டை எப்போ பப்ளிஷ் பண்ணினோம்ங்கறது வேற, எப்போ இருந்த நெருப்பை அது காட்டுதுங்கறது வேற, ரெண்டாவதுதான் வேணும்.

ஏக்கர் கணக்கு, உருண்டை பூமியைத் தட்டை மேப்பா விரிக்கற எந்த ப்ரொஜெக்‌ஷன்ல போடறோம்ங்கறது பத்தி ஒரே ஒரு வரி: பிரவுசர் மேப்ல வர்ற வெப் மெர்க்கேட்டர்ல 40 டிகிரி அட்சரேகைல அளந்தா ஏரியா 70 சதவீதம் கூட வரும், 1,000 ஏக்கர் 1,700 ஆயிடும், சம பரப்பு ப்ரொஜெக்‌ஷன்ல போடுங்க, அவ்வளவுதான்.

சீசன் முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க, பாலிகன் எல்லாம் ஆர்க்கைவுக்குப் போகும். அங்கதான் பழைய பாவம் எல்லாம் சேர்ந்து நிக்கும். ஒரே நெருப்புக்கு கேம்ப் வரைஞ்ச கடைசிக் கோடு ஒண்ணு, மாநில ஏஜென்ஸி திருத்தினது ஒண்ணு, லேண்ட்சாட் சாட்டிலைட் படத்துல இருந்து, எரிஞ்ச நிலத்தைக் கணக்கெடுக்கற எம்டிபிஎஸ் திட்டம் வரைஞ்சது ஒண்ணு. எம்டிபிஎஸ் 1984-ல இருந்து மேற்குப் பக்கம் 1,000 ஏக்கருக்கு மேல, கிழக்குல 500 ஏக்கருக்கு மேல இருக்கற நெருப்பை எல்லாம் வரையுது. கலிஃபோர்னியா தன்னோட கணக்குல 1878 வரைக்கும் பின்னாடி போகுது. இது எல்லாத்தையும் ஒரே லேயர்ல கொட்டிக் கூட்டறவங்களை நான் பாத்திருக்கேன், ஒரே மலை மூணு தடவை எரியும். பழைய நெருப்புங்களுக்கு இர்வின் ஐடியும் கிடையாது, பேரையும் தேதியையும் ஆரம்பப் புள்ளியையும் வெச்சு கையால பொருத்தணும், அதுல குறுக்கு வழி இருக்கறதா எனக்குத் தெரியல.

அந்த காலை போனுக்கு அப்புறம் நான் பாலிகனை காப்பி எடுக்கறதை நிறுத்திட்டேன். ஒவ்வொரு நெருப்புக்கும் ஒரு டெம்ப்ளேட், ஐடி அதுல பூட்டி இருக்கும், கையால மாத்த முடியாது. பப்ளிஷுக்கு முன்னாடி ஒரு ஸ்கிரிப்ட் பாக்கும்: இந்த ஐடியோட ஆரம்பப் புள்ளி இந்தப் பாலிகனுக்கு உள்ள இருக்கா, நேத்திய பாலிகனோட இது ஒட்டி இருக்கா, பக்கத்து நெருப்பு மேல ஏறுதா. ஒண்ணு இடிச்சாலும் சிவப்பு லைட், காரணம் எழுதாம தாண்ட முடியாது. ஆரம்பப் புள்ளி சோதனை ஒண்ணு இருந்திருந்தாலே அன்னிக்கு நான் மாட்டியிருப்பேன். சில சமயம் அந்தப் புள்ளியே தப்பா இருக்கும், முதல் போன் வந்த ரோட்டு முனைல வெச்சிருப்பாங்க, அதுக்கு லைட் சும்மா சும்மா எரியும். எரியட்டும்.

போன சீசன் கடைசில ரெண்டு நெருப்பு ஒண்ணை நோக்கி ஒண்ணு வந்துட்டு இருந்துச்சு, நடுவுல ஒரு மண் ரோடு. எதிர் கேம்ப்ல ஜிஐஎஸ் பாக்கற அம்மா எனக்கு போன் பண்ணினாங்க, நாங்க அதுக்கு முன்னாடி பேசினதே கிடையாது. "ரோட்டை எல்லையா வெச்சுக்கலாமா, வடக்கு உங்களுக்கு, தெற்கு எனக்கு, சேர்ந்தா சேர்ந்த நேரத்தை ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதிக்கலாம்"னாங்க. சரின்னேன். ரோட்டுக் கோட்டை ஒரே ஃபைல்ல இருந்து ரெண்டு பேரும் எடுத்து, எங்க கோடு அது மேலயே ஒட்டி உக்கார்ற மாதிரி ஸ்னாப் பண்ணி வெச்சுக்கிட்டோம். அன்னிக்கு ராத்திரி படம் வந்தப்ப ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே சூடு. என் பாலிகனை ரோட்டு ஓரத்துல நிறுத்தினேன், அவங்க அவங்களோடதை அந்தப் பக்கம் நிறுத்தினாங்க, கூட்டிப் பாத்தோம், கரைச்சுப் பாத்தோம், ரெண்டும் ஒரே நம்பர். நேரம்னு இருந்த கட்டத்துல ரெண்டு பேரும் 21:40-னு எழுதினோம். மறுநாள் காலைல இருந்து அது அவங்க நெருப்பு. என்னோடது மேப்ல மறைஞ்சு போச்சு, டேபிள்ல இன்னும் இருக்கு.